கரும்புகைக்கு மலை பொறுப்பன்று

மலேசியாவில் வணிக உரிமத்தோடு ஓடும் ஒரு சரக்கு லோரி ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சோதனை நிலையத்தின் வாசலில் போய் நின்றாக வேண்டும். அதே முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, அதே மேட்டில் ஏறி, அதே கடைத்தெருவைக் கடந்து செல்லும் ஒரு டீசல் பிக்கப் வண்டி தனியார் வண்டியாகப் பதிவாகியிருந்தால், கைமாறும் நாள்வரை அதற்குக் காலமுறைச் சோதனை என்பதே கிடையாது. பதிவேட்டில் அது குடும்ப வண்டி; உழைப்பில் அது லோரி. கேமரன் மலையின் தானா ராத்தாவில் நாள்தோறும் நாம் விழுங்கும் கரும்புகைக்குச் சட்டத்தின் இந்த ஓட்டையே வழிவிடுகிறது.

தாப்பாவிலிருந்து மலையேறும் 59ஆம் கூட்டரசுச் சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கிறது. வண்டி போகும் சாலையே கடைவீதி. கடைவீதியே பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. ஏற்றம் தொடங்கும் ஓரிடத்தில் நின்று, பராமரிப்பில்லாத ஒரு பிக்கப் வண்டியைக் கவனித்தால் போதும். பின்தட்டில் காய்கறிக் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கி அழுத்தி மிதிப்பார். ஒரு நொடி எஞ்சின் திணறும்; மறுநொடி வால்குழாயிலிருந்து கரும்புகை திரண்டெழுந்து பின்னால் வருவோரின் பார்வையை மறைக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பள்ளிச் சிறுமி சட்டைக் கையால் மூக்கைப் பொத்துவாள். சாலையோரத்தில் ரொட்டி சானாய் போடுபவர் மாவுருண்டைத் தட்டின்மேல் துணியை இழுத்துவிடுவார். வண்டி வளைவில் மறைந்த பிறகும் சிறிது நேரம் மூச்சு விடுவதற்கு எல்லாரும் தயங்குவார்கள்.

இதைச் சுட்டிக்காட்டினால் வண்டிக்காரர்கள் சொல்லும் முதற்சமாதானம், "மலை ஏறினால் புகை வரத்தான் செய்யும்" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை மறைக்கவே அந்தப் பாதி பயன்படுகிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 6இல் 1 பங்கு குறைவு. டீசல் முழுமையாக எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். பழைய எஞ்சின்களில் எண்ணெயை அளந்து அனுப்பும் பம்பு இயந்திரமுறையில் இயங்குவது. கீழே தாப்பாவில் எவ்வளவு எண்ணெய் விட்டதோ அவ்வளவையே மேலேயும் விடும். எண்ணெய் குறையவில்லை, காற்று குறைந்துவிட்டது. எரியாமல் மிஞ்சும் கரியே கரும்புகையாக வெளியேறுகிறது. சுமையும் செங்குத்தான ஏற்றமும் சேர்ந்தால் புகை இன்னும் தடிக்கும்.

மறைக்கப்படும் பாதி இதுதான். உயரத்துக்கேற்ப எண்ணெயின் அளவைக் குறைத்துவைக்கப் பட்டறையில் வழி உண்டு. புதிய எஞ்சின்களோ காற்றழுத்தத்தை உணர்ந்து தாமே எண்ணெயைக் குறைத்துக்கொள்கின்றன. டர்போ பொருத்திய வண்டி மெலிந்த காற்றை அழுத்திச் செறிவாக்கிக்கொள்ளும். ஆகவே நல்ல நிலையிலுள்ள வண்டி இந்த மலையில் கறுத்த புகை கக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படிக் கக்கினால், தோட்டத்துச் செம்மண் புழுதி அடைத்த காற்று வடிகட்டியோ, தேய்ந்து போய் எண்ணெயைத் தூவாமல் ஒழுகவிடும் இன்ஜெக்டரோ, வெடிப்பு விழுந்த டர்போக் குழாயோ, கரி அடைத்த ஈ.ஜி.ஆர். வால்வோ உள்ளே இருக்கிறது என்று பொருள். இழுவை கூட வேண்டுமென்று பம்பின் திருகை வேண்டுமென்றே திருகி எண்ணெயை மிகுதியாக்கிய கை ஒன்றும் இருக்கக்கூடும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை நீர்க்கசிவையோ எரியாத டீசல் ஆவியையோ காட்டும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய எண்ணெயைக் காட்டும். எந்த மெக்கானிக்கும் புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். நோய் தெரிந்தும் மருந்து கொடுக்காததற்கு மலையின்மேல் பழிபோடுவது முறையன்று.

எண்ணெயின் தரத்தின்மேலும் இனிப் பழிபோட முடியாது. 2021 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் டீசல் யூரோ 5 தரத்துக்கு உயர்த்தப்பட்டுள்ளது. முன்னர் பத்துலட்சத்தில் 500 பங்கு வரை இருக்க அனுமதிக்கப்பட்ட கந்தகம் 10 பங்காகக் குறைக்கப்பட்டுவிட்டது. இங்கே இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். 2019இல் செம்பனை எண்ணெய் 10 விழுக்காடு கலந்த பி10 டீசலை அரசு நாடெங்கும் கொண்டுவந்தபோது, கேமரன் மலை, கெந்திங் மலை, குண்டாசாங் ஆகிய குளிர்ப்பகுதிகளுக்கு மட்டும் 7 விழுக்காட்டுக் கலவையே தொடரும் என்று விலக்களித்தது. குளிரில் செம்பனை எண்ணெய் உறையும் இயல்புடையது என்பதே காரணம். மலையின் குளிருக்காக எண்ணெயின் கலவையை மாற்றத் தெரிந்த அரசுக்கு, மலையின் காற்றுக்காகச் சோதனையின் முறையை மாற்றத் தெரியாதா? நாம் முன்வைக்கும் வாதத்தின் மையம் இந்தக் கேள்விதான்.

புகையின் தீமையைப் பற்றி இனி ஐயத்துக்கு இடமில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 1988இல் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகுப்பில் வைத்திருந்தது. 2012 ஜூனில் அதனை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது' என்ற முதல் வகுப்புக்கு மாற்றியது. அமெரிக்கச் சுரங்கங்களில் டீசல் இயந்திரங்களோடு வேலை செய்த 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்த முடிவு அந்த மாற்றத்துக்கு முக்கியச் சான்றாக நின்றது. கண்ணுக்குத் தெரியும் கரி, தீமையின் ஒரு பகுதியே. அதனுள் இருக்கும் நுண்துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மூக்கின் மயிர்களுக்கோ தொண்டையின் சளிக்கோ பிடிபடாமல் நுரையீரலின் அடியாழம் வரை செல்பவை. பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகள் தம் உடல் எடைக்கு மிகுதியான காற்றை உட்கொள்கிறார்கள்; வால்குழாயின் உயரத்துக்கு நெருக்கமாக மூச்சு விடுகிறார்கள்.

லண்டனில் நெரிசல் மிகுந்த ஒரு சாலையின் அருகே வாழ்ந்த எல்லா கிசி-டெப்ரா என்னும் 9 வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் 2013இல் இறந்தாள். அவளுடைய தாய் ஓயாமல் போராடியதன் பயனாக, 2020 டிசம்பரில் மறுவிசாரணை நடத்திய அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புக்குக் காற்று மாசு காரணமாகப் பதிவானது அதுவே முதன்முறை. அதற்கு முன்னும் எத்தனையோ பிள்ளைகள் மாசுக்காற்றால் இறந்திருப்பார்கள். எந்தச் சான்றிதழிலும் அந்தக் காரணம் எழுதப்படவில்லை. எழுதப்படாத காரணத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

இந்த மலையில் அந்தக் காற்றை மூச்சாக இழுப்பவர்கள் யார்? சுற்றுலாப் பயணி இரண்டு நாள் தங்கித் தேயிலைத் தோட்டத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். சாலையோரத்திலேயே வாழ்பவர்கள் வேறு. 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து காட்டை அழித்து, சரிவில் வரிசைபிடித்துக் கன்று நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தோட்ட லயங்களிலும் ஊர் வீடுகளிலும் அவர்களுடைய பெயரர்கள் வளர்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு இந்தச் சாலையோரமாகத்தான் நடக்கிறார்கள். அவர்களுடைய இடத்தில் இன்று கொழுந்தெடுக்கும் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் இதே காற்றையே சுவாசிக்கிறார்கள். தாப்பாச் சாலையோரத்தில் பெத்தாயும் மூங்கிலும் அடுக்கி வைத்து விற்கும் ஓராங் அஸ்லி மக்கள், ஏற்றத்தில் திணறும் ஒவ்வொரு வண்டியின் புகைக்கும் நாள் முழுதும் முகம் கொடுத்து அமர்ந்திருக்கிறார்கள். புகையைக் கக்கும் வண்டியின் திறந்த பின்தட்டில் ஏற்றப்பட்டு வேலைக்குப் போகும் தொழிலாளியின் நிலை எல்லாரையும்விடக் கொடியது. குளிர்ந்த காலைகளில் பள்ளத்தாக்கின் காற்று அசையாமல் தேங்கும்போது, விடியலில் கிளம்பும் வண்டிகளின் புகை எளிதில் மேலெழுந்து கலைவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், டீசல் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1996இல் வகுக்கப்பட்டன. ஓடும் வண்டியின் புகை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது என்பது விதி. இந்த அளவுகோலில் சுழியம் என்றால் தெளிந்த காற்று; 100 என்றால் ஒளியே புகாத இருள். சோதனையாளர் கருவியின் குழாயை வால்குழாய்க்குள் செருகுவார். ஓட்டுநர் கியர் போடாமல் நிறுத்திவைத்த வண்டியில் மிதிகட்டையை விரைந்து அழுத்துவார். வெளிவரும் புகையின் ஊடே எவ்வளவு ஒளி தடைப்படுகிறது என்று கருவி காட்டும். சில நிமிடங்களில் முடியும் வேலை. 2024இல் திருத்தப்பட்ட சட்டம், சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான உச்சத் தண்டத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியுமிருக்கிறது.

ஆனால் தண்டத்தின் உயரம் மட்டும் புகையைக் குறைக்காது. சாலையோரத்தில் அதிகாரிகள் நிற்கும் நாளில் அகப்பட்டவர் தண்டம் கட்டுவார். அகப்படாதவர் மறுநாளும் புகைவிட்டுப் போவார். செய்தி பரவி, புகை கக்கும் வண்டிகள் எல்லாம் அன்று வீட்டிலேயே நிற்கும். தண்டம் எப்போதாவது ஒருநாள் வரும் அச்சம்; காலமுறைச் சோதனை ஒவ்வோர் ஆண்டும் வரும் ஒழுங்கு. அந்த ஒழுங்கிலிருந்து தனியார் பிக்கப் வண்டிகள் விலக்கப்பட்டிருப்பதுதான் குறை. இன்னொரு குறையும் உண்டு. சமவெளியின் செறிந்த காற்றில், சுமையின்றி நிறுத்தி வைத்துச் சோதித்தபோது தேறிய வண்டி, பாரமேற்றி மலையேறும்போதும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. புகை எங்கே பிறக்கிறதோ அங்கே அதை அளக்க வேண்டும்.

காலமுறைச் சோதனையை விரிவாக்க அரசு முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 15 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தும் திட்டம் 2009இல் தேசிய வாகனக் கொள்கையின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு எழுந்ததும் விரைவிலேயே அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பழைய வண்டி என்பது ஏழையின் வண்டி. சோதனை என்ற பெயரில் அதைப் பறித்துப் புது வண்டி வாங்க வைக்கிறார்கள் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்கி, புகைச் சோதனையை மட்டும் தனியே பிரித்துக் கொண்டுவந்திருக்கலாம். அரசு அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கிடப்பில் போட்டுவிட்டது.

இன்றும் சிறு விவசாயிகளும் ஏற்றிறக்குக் கூலி வண்டிக்காரர்களும் இதே அச்சத்தை எழுப்புவார்கள். எழுப்புவது அவர்களின் உரிமை. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டபோது, ஒரு லிட்டரின் விலை ஒரே நாளில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது. தகுதியுள்ள சிறு வண்டிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் மாதம் 200 ரிங்கிட் 'பூடி மடானி' உதவி அறிவிக்கப்பட்டாலும், அடி அடிதான். ஆனால் அந்த விலையேற்றமே நம் பக்கத்துக்கு வலுவான வாதமாகவும் நிற்கிறது. வால்குழாயிலிருந்து வெளியேறும் கரி, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல். அடைத்த வடிகட்டியை மாற்றுவதற்குக் கணக்குப் பார்ப்பவர், புகையாகப் போகும் எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பதில்லை. பொத்தல் குடத்தில் தண்ணீர் சுமப்பவர் கிணறு தூரம் என்று குறைப்பட்டுக்கொள்வது போன்றது இது.

பிற இடங்கள் சொல்லும் பாடங்களும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலில் நீலகிரிக்குள் நுழையும் சுற்றுலா வண்டிகளின் எண்ணிக்கை வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என வரையறுக்கப்பட்டது. மலைக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி. ஆயினும் எண்ணிக்கை வேறு, புகை வேறு. ஒழுங்காகப் பேணிய நூறு வண்டிகள் கக்காத கரியைப் பழுதான சில வண்டிகள் கக்கிவிடும்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு முகத்தைக் காட்டியது. பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டோ முடக்கப்பட்டோ இருந்தன என்று அது கணக்கிட்டது. வறுமை அங்கே காரணமாக இருக்கவில்லை. மிகுந்த வேகத்துக்கும் கறுத்த புகையைக் கக்கும் வீம்புக்கும் ஆசைப்பட்ட உரிமையாளர்கள் பலர். ஆகவே புகைக்கும் வண்டியைக் கண்டவுடன் ஏழ்மையென்று இரங்குவதும், எல்லாவற்றையும் வீம்பென்று வெகுள்வதும் ஒருசேரத் தவறு. எது எது என்று பிரித்துக் காட்டக்கூடியது சோதனை ஒன்றே.

எனவே நாம் கேட்பவை தெளிவானவை. எந்தப் பெயரில் பதிவாகியிருந்தாலும், ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டீசல் பிக்கப் வண்டிகளுக்கு ஆண்டுக்கொருமுறை புகைச் சோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். அது புகைக்கு மட்டுமான சோதனையாக இருக்க வேண்டும். வண்டியின் வயதைக் காட்டி அதைச் சாலையிலிருந்து அகற்றும் சூழ்ச்சியாக மாறக்கூடாது. அந்தச் சோதனை கேமரன் மலையிலேயே, இந்த உயரத்துக் காற்றிலேயே நடக்க வேண்டும். நிலையான சோதனைக் கூடம் கட்டுவதற்குக் காலமாகுமென்றால், நடமாடும் சோதனை வண்டி ஒன்று மாதந்தோறும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் முறைவைத்து நிற்கட்டும்.

முதன்முறை தவறும் வண்டிக்குத் தண்டம் வேண்டா. பழுதைச் சொல்லி, திருத்தி வருவதற்கு 30 நாள் தவணை தரட்டும். டீசல் உதவி பெறும் சிறு விவசாயிக்குச் சோதனைக் கட்டணத்தை அரசே ஏற்கட்டும். தவணைக்குப் பிறகும் திருத்தாதவர்மேலும், எஞ்சினைத் திருகிப் புகையைப் பெருக்கியவர்மேலும், அப்படித் திருகிக் கொடுக்கும் பட்டறைமேலும் சட்டம் முழு வலிமையோடு பாயட்டும். பள்ளி வாசல்களில் நுண்துகளை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை மக்கள் காண வெளியிட வேண்டும். அளக்காத மாசைப் பற்றிப் பேச்சு மட்டுமே மிஞ்சும்.

எல்லாவற்றையும் அரசின் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்வதும் ஆகாது. தேயிலைத் தோட்ட நிறுவனங்களும், காய்கறி மொத்த வணிகர்களும், சுற்றுலா வண்டி நடத்துவோரும் எந்த ஆணைக்கும் காத்திராமல் நாளையே தொடங்கலாம். புகைச் சோதனைச் சான்று இல்லாத வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை, பயணிகளை ஏற்றுவதில்லை, தொழிலாளரை ஏற்றுவதில்லை என்று ஒரு விதியை அவர்கள் தம் வாயிலில் எழுதி வைத்தால், எந்தச் சட்டத்தைவிடவும் அது விரைவாக வேலை செய்யும். சரக்குக் கொடுப்பவரின் சொல்லுக்கு வண்டிக்காரர் கட்டுப்படுவார். நம் தமிழ் வண்டி உரிமையாளர்கள் பலர் உழைத்து உயர்ந்தவர்கள். தம் தோட்டத்துப் பாட்டன்மார் சுவாசித்த காற்றைத் தம் வண்டி கெடுப்பதை அவர்களில் எவரும் விரும்ப மாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் குழுக்களும் இதை ஓர் ஊர்ப்பிரச்சினையாக எடுத்துப் பேச முன்வர வேண்டும்.

மலை உயரமானது, காற்று மெலிந்தது, ஏற்றம் செங்குத்தானது. இவற்றை யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை. மாற்ற வேண்டியவை ஒரு வடிகட்டி, ஒரு திருகு, ஒரு விதி. முதல் இரண்டும் வண்டிக்காரரின் கையில் இருக்கின்றன. மூன்றாவது அரசின் கையில் இருக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் கேமரன் மலை மாவட்ட மன்றமும் ஒரே மேசையில் அமர்ந்து, அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன் இந்த மலைக்கென்று ஒரு புகைச் சோதனைத் திட்டத்தை அறிவிக்க வேண்டும். மலையின்மேல் பழிபோட்டுக் கழித்த ஆண்டுகள் போதும்.